தாராவிப் படிக்கட்டின் தீர்த்தம்

1. முதல் நாள் பாடம்

பம்பாயில் ஒரு தமிழ் வாரப் பத்திரிகையில் பிழை திருத்துபவனாகச் சேர்ந்தேன். ஆறாவது மாதமே சரித்திர ஆசிரியனாகப் பதவி உயர்வு கிடைத்தது. நான் சரித்திரம் படித்தவனில்லை. படித்தது பி.காம்., அதிலும் ஒரு பேப்பர் பாக்கி. எண்பதுகளின் மாட்டுங்காவில் இதையெல்லாம் யாரும் பெரிய தடையாக நினைக்கவில்லை.

எங்கள் ஆபீஸ் ஒரு இட்லிக் கடைக்கு மேலே இரண்டு அறைகளில் இருந்தது. கீழே சாம்பார் கொதித்தால் மேலே புரூஃப் தாள் நமுத்துப் போகும். பத்திரிகையில் 'இது என்ன?' என்று ஒரு பகுதி உண்டு. ஏன் இருக்கிறது என்று தெரியாமல் நிற்கும் கட்டிடம், பாதிச் சுவர், பூட்டிய இரும்புக் கதவு பற்றியெல்லாம் வாசகர்கள் கேட்பார்கள். அதன் பின்னால் இருக்கும் கதையை நாங்கள் தேடிப் பிடித்து எழுதுவோம். அதுவரை எழுதியவர் மகனோடு துபாய் போய்விட்டதால் ஆசிரியர் ராமசேஷன் என்னைக் கூப்பிட்டார். மூன்று தலைமுறையாக மாட்டுங்காவில் இருக்கும் குடும்பம் அவருடையது.

"ஓய் முருகேசன், இந்த வாரத்துலேர்ந்து 'இது என்ன?' நீர் எழுதும்."

"சார், எனக்குச் சரித்திரம் தெரியாதே."

"தெரிஞ்சவன் எழுதினா எவன் படிப்பான்? ரெண்டு கிழவாளைப் பிடியும். ரெண்டு பேரும் ஒரே கதையைச் சொன்னா போடாதேயும், சப்புன்னு இருக்கும். வேற வேற கதை சொன்னா, எது நன்னா இருக்கோ அதைப் போடும்."

பத்திரிகைத் தொழிலில் எனக்குக் கிடைத்த முறையான பயிற்சி இவ்வளவுதான். முதல் வாரமே அதைச் சோதித்துப் பார்த்தேன். செம்பூரில் நான் குடியிருந்த காலனியின் மூலையில் ஜன்னலே இல்லாத வட்டக் கட்டிடம் ஒன்று இருந்தது. யுத்த காலத்தில் வெடிமருந்து வைத்திருந்த இடம் என்றார் ஒரு பெரியவர். பம்ப் ரூம் என்றான் வாட்ச்மேன். அவன் சொல்லும்போது உள்ளே மோட்டார் ஓடும் சத்தமும் கேட்டது. நான் வெடிமருந்து என்று எழுதினேன். பாராட்டிக் கடிதங்கள் வந்தன. வாட்ச்மேனுக்குத் தமிழ் படிக்கத் தெரியாதது என் அதிர்ஷ்டம்.

2. மேலே ஒன்றுமில்லாத படி

அடுத்த சில மாதங்களில் தாராவியிலிருந்து ஒரு தபால் கார்டு வந்தது. "எங்கள் சந்தில் ஒரு கல் படிக்கட்டு இருக்கிறது. ஏறிப் போனால் மேலே ஒன்றுமில்லை. இது என்ன?" எழுதியவர் பெயர் போடவில்லை.

கேமராவை எடுத்துக்கொண்டு ரயில் பாலம் தாண்டி நடந்தே போனேன். மாட்டுங்காவிலிருந்து தாராவி கூப்பிடு தூரம்தான். ஆனால் எங்கள் ஆபீஸில் பாதிப் பேர் திருப்பதிக்குப் போயிருக்கிறார்கள், தாராவிக்குப் போனதில்லை. தோல் வெட்டுகிற பட்டறைகளுக்கு நடுவில் சந்து திரும்பியதும் படிக்கட்டு நின்றது. பதினாலு படி. இரண்டு ஆள் கைகோத்து ஏறும் அகலம். பதினாலாவது படியில் ஏறி நின்றால் எதிரே வெறும் காற்றும் பக்கத்துத் தகரக் கூரைகளும்தான்.

மூன்று விஷயங்கள் விசித்திரமாக இருந்தன. ஒவ்வொரு படியும் சாதாரணப் படியில் பாதி உயரம்தான், குழந்தைக்குக் கட்டியதுபோல. ஒரு ஓரமாக மேலிருந்து கீழ்வரை கல்லிலேயே வெட்டிய சின்ன வாய்க்கால். உச்சிப் படிக்குப் பக்கத்தில் கைமொத்தத்தில் ஒரு இரும்பு வளையம்.

படிக்கட்டுக்கு அடியில் முக்கோணமாக ஒரு இடம் இருக்குமல்லவா, அதைத் தகரம் வைத்து அடைத்து ஒரு குடும்பம் இருந்தது. பேச்சியம்மாள் என்ற நடுவயதுப் பெண், அவர் மகள் செல்வி. புருஷன் இறந்துவிட்டார். பேச்சியம்மாள் பட்டறைகளிலிருந்து தோல் துண்டுகளை வாங்கி வந்து, வாசலில் உட்கார்ந்து பெல்ட்டுக்கு வார் வெட்டிக் கொடுப்பார். நான் டீக்கடைக்காரரைக் கேட்டேன். முடிதிருத்தும் கடையில் இரண்டு பெரியவர்களைக் கேட்டேன். ஒருவர் வெள்ளைக்காரன் பங்களா என்றார், மற்றவர் கட்டி முடிக்காத பள்ளிவாசல் என்றார். பேச்சியம்மாளிடம் நான் பேசியது ஒரே ஒரு வாக்கியம்: "ஏம்மா, அந்த வாளியைக் கொஞ்சம் தள்ளி வைங்க, போட்டோவில் விழுது."

அவர் தள்ளி வைத்தார்.

3. நிபுணர் கண்டுபிடித்தது

இரண்டு கதையும் ராமசேஷனுக்குப் பிடிக்கவில்லை. "வெள்ளைக்காரன் பங்களா பம்பாய் பூரா இருக்கு ஓய். பத்மநாபன் கிட்ட காட்டும்" என்றார்.

பத்மநாபன் ரயில்வே கணக்குப் பிரிவில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறுநாளே தொல்பொருள் ஆராய்ச்சியாளரானவர். வீட்டு அலமாரியில் உடைந்த ஓடுகள் வைத்திருந்தார். என் போட்டோவைப் பூதக்கண்ணாடியில் பார்த்தவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"இது என்னன்னு தெரியறதா உமக்கு? இந்த வாய்க்கால் கோமுகி! அபிஷேக ஜலம் வழிஞ்சு வர்றதுக்கு. படி ஏன் சின்னதா இருக்கு? பல்லக்கு தூக்கறவா குலுங்காம ஏறணுமோன்னோ! இந்த வளையம் யானை கட்டறதுக்கு. சோழா காலத்துலேயே நம்மவா கடல் கடந்து வந்து இங்க கோயில் கட்டியிருக்கா ஓய்!"

பதினாலு படி ஏறி யானை எதற்கு மேலே போனது என்று நான் கேட்கவில்லை. சம்பளம் வாங்குகிறவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்க முடியாது.

'பம்பாயில் சோழர் படிகள்?' என்று தலைப்பு வைத்து எழுதிக் கொடுத்தேன். ராமசேஷன் கேள்விக்குறியை எடுத்துவிட்டு 'ஆயிரமாண்டு' என்பதை முன்னால் சேர்த்தார். அந்த இதழ் மாட்டுங்கா ஸ்டேஷன் கடையில் மத்தியானத்துக்குள் தீர்ந்து போனது. அது அதற்கு முன்பும் நடந்ததில்லை, பின்பும் நடக்கவில்லை.

4. அபிஷேகம்

பதினைந்து நாளில் ஒரு பாதுகாப்புக் குழு உருவானது. தலைவர் பத்மநாபன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மாட்டுங்காவிலிருந்து வேன் பிடித்து வந்தார்கள். நான் குறிப்பெடுக்கக் கூடப் போனேன். சந்து முனையில் இறங்கியதும் எல்லோரும் கைக்குட்டையை மூக்கில் வைத்தார்கள். படிக்கட்டைப் பார்த்ததும் கைக்குட்டையைப் பையில் போட்டுவிட்டுக் கை கூப்பினார்கள். ஒரே காற்று, இரண்டடி தூரத்தில் புனிதமாகிவிட்டது.

உச்சிப் படியில் பாலை ஊற்றினார்கள். அது வாய்க்கால் வழியாக நெளிந்து இறங்கிக் கீழே வந்தது. ஒரு மாமி பித்தளைச் சொம்பில் பிடித்தார். பத்மநாபன் தீர்த்தம் கொடுத்தார். எல்லோரும் உள்ளங்கையில் வாங்கி உறிஞ்சி, மிச்சத்தைத் தலையில் தடவிக்கொண்டார்கள். நானும் குடித்தேன்.

"கொஞ்சம் உப்புக் கரிக்கறதே?" என்றார் சொம்பு பிடித்த மாமி.

"கரிக்காம என்ன பண்ணும்? கடல் கடந்து வந்த கல்லுன்னா இது" என்றார் பத்மநாபன். எனக்கு மெய் சிலிர்த்தது. உண்மையாகவே சிலிர்த்தது, இப்போது மறைத்து என்ன ஆகப் போகிறது.

வாசலில் நின்று பேச்சியம்மாள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். வழிந்த பால் அவர் வெட்டி வைத்திருந்த வார்க்கட்டின் மேல் போய்ச் சேர்ந்தது. பத்மநாபன் கண் அப்போதுதான் அங்கே போனது.

"சன்னிதிக்கு அடியில குடித்தனமா? இதை முதல்ல காலி பண்ணணும். கம்பி கேட் போட்டு, உள்ள ஒரு விளக்கு வைக்கலாம்."

எல்லோரும் தலையாட்டினார்கள். நான் அதைக் குறிப்பில் எழுதிக்கொண்டேன்.

5. வாளி

பத்து நாள் கழித்து பேச்சியம்மாள் எங்கள் ஆபீஸ் மாடி ஏறி வந்தார். கையில் மராத்தியில் டைப் அடித்த ஒரு நோட்டீஸ்.

"அண்ணாச்சி, நீங்க நம்ம பக்கத்து ஆளுன்னு டீக்கடைல சொன்னாவ. இதுல என்ன எழுதியிருக்குன்னு பாத்துச் சொல்லுங்க. செல்வி இந்தியில கூட்டி வாசிச்சா, அவளுக்கும் வெளங்கல."

வாசித்தேன். படிக்கட்டு புராதனச் சின்னம் என்பதால், அதன் அடியில் இருப்பவர்கள் பதினைந்து நாளில் காலி செய்ய வேண்டும். எந்த ஆபீஸிலிருந்து, யார் சொல்லி வந்தது என்பதெல்லாம் வேண்டாம். பத்மநாபனுக்கு எல்லா ஆபீஸிலும் ஒரு மச்சினர் இருந்தார்.

நான் சொன்னதும் அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். "பதினஞ்சு நாளா? இந்தப் பம்பாயில வேற எடத்துக்கு நான் எங்க போவேன்? வயசுப் பிள்ளைய வச்சுக்கிட்டு ரோட்டுலயா படுக்க?"

"அது பழைய கோயில் படின்னு..." என்று ஆரம்பித்தேன்.

"கோயிலா? என்ன அண்ணாச்சி சொல்லுதிய! அது தோலு பதப்படுத்துத டேனரி படில்லா. மேல பலகை மாடி இருந்திச்சு. பச்சைத் தோலுக்கு உப்புப் போட்டு அங்கதான் அடுக்குவாவ. எங்கய்யா, என்னப் பெத்தவரு, அந்தப் படியிலதான் தோலு செமந்து ஏறுனாரு. நான் சின்னப்பிள்ளையா அதுக்கடியில வெளையாண்டிருக்கேன். அவரு செத்த பொறவும் நாங்க அந்த எடத்த விட்டுப் போவல."

என் நாக்கில் அந்த உப்பு திரும்ப வந்தது.

"இதை ஏம்மா அன்னைக்கே என்கிட்ட சொல்லல?"

"நீங்க எங்க கேட்டிய? வாளியத் தள்ளி வைக்கச் சொன்னிய. தள்ளி வச்சேன்."

அவர் குத்திக் காட்டவில்லை, நடந்ததைச் சொன்னார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

6. காதர் பாய் காட்டியது

அந்த டேனரியை நடத்திய குடும்பத்தில் காதர் பாய் மட்டும் தாராவியில் இருந்தார். ராமநாதபுரம் பக்கத்துக்காரர். டேனரியை மூடிவிட்டுத் தோல் பை விற்கும் கடை வைத்திருந்தார். நான் எழுதியதை யாரோ அவருக்கு வாசித்துக் காட்டியிருந்தார்கள்.

"வாங்க தம்பி, சோழ ராஜா!" என்றார். "எங்க வாப்பா கட்டுன படியில யானை ஏறுச்சாமே. வாப்பாவுக்குத் தெரிஞ்சிருந்தா தீனிச் செலவுக்குப் பயந்தே போயிருப்பாக."

"பாய், மாடி எங்கே போச்சு?"

"கசாப்புக் கூடத்த ஊருக்கு வெளிய கொண்டு போனாங்க. தோல் வரத்து நின்னு போச்சு. மாடி மரத்த வித்தோம். கல்லு யாருக்கு வேணும்? கிடந்துச்சு."

"அந்த வாய்க்கால்?"

"கேட்டா நம்ப மாட்டீங்க. வாங்க."

இரண்டு சந்து தள்ளி அப்போதும் ஓடிக்கொண்டிருந்த ஒரு டேனரிக்குள் கூட்டிப் போனார். அங்கே அதே மாதிரி படி. அதே பாதி உயரம். ஒரு ஆள் எருமைத் தோலை மடித்துத் தலையில் வைத்துக்கொண்டு, முழங்காலை மடக்காமல், பாதத்தை மட்டும் நகர்த்தி நகர்த்தி ஏறிக்கொண்டிருந்தார். அந்தக் கனத்தோடு சாதாரணப் படி ஏறினால் இடுப்பு விட்டுப்போகும் என்றார் காதர் பாய். மழைக்காலத்தில் சந்தில் தண்ணீர் நிற்கும், அதனால்தான் சரக்கை மாடியில் வைப்பார்களாம். தோலிலிருந்து உப்புத் தண்ணீர் சிவப்பாக வடிந்து, வாய்க்கால் வழியாக இறங்கி வந்தது. இல்லாவிட்டால் படி வழுக்கி ஆள் விழுவான். மேலே வளையத்தில் உருளை மாட்டி, பெரிய கட்டு ஒன்றைக் கயிற்றில் இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

கோமுகி, பல்லக்கு, யானை மூன்றும் என் கண் முன்னால் வேலை செய்துகொண்டிருந்தன. வாசனையைப் பற்றி எழுதப் போவதில்லை. வெளியே வந்து சாக்கடை ஓரத்தில் குனிந்தேன் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். காதர் பாய் முதுகைத் தட்டினார். "தம்பி, நீங்களும் தீர்த்தம் குடிச்சீங்களோ?"

7. திருத்தம்

ஆபீஸுக்கு வந்து 'திருத்தம்' என்று தலைப்பிட்டு ஒரு பக்கம் எழுதினேன். சத்தியம், நேர்மை என்ற வார்த்தைகள் அதில் அளவுக்கு மேலேயே இருந்தன. ராமசேஷன் படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"முருகேசன், நம்ம சந்தாதாரர்ல முக்கியமானவா எல்லாரும் அந்தத் தீர்த்தத்தைக் குடிச்சவா. அவாளண்டை போய், நீங்க குடிச்சது எருமைத்தோல் தண்ணி ஓடின வாய்க்கால்லேன்னு நான் சொல்லணுமா? பத்திரிகையை மூடிட்டுப் போகச் சொல்றீரா?"

"சார், ஒரு பொம்பளைக்கு வீடு போகுது."

"நேக்கும் வருத்தமாத்தான் இருக்கு. ஆனா போட முடியாது."

சரி, குழுத் தலைவரிடமே போவோம் என்று பத்மநாபனைக் காதர் பாயிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் அந்த டேனரியில் இரண்டு நிமிஷம் நின்றார். தோல் ஏறுவதைப் பார்த்தார். தண்ணீர் இறங்குவதைப் பார்த்தார். வெளியே வந்து அவர் கேட்ட ஒரே கேள்வி இதுதான்: "இது யார் யாருக்குத் தெரியும்?"

உண்மை தெரிந்துவிட்டது, மனிதர் நோட்டீஸை வாபஸ் வாங்கச் சொல்லிவிடுவார் என்று நான் செம்பூர் போய் நிம்மதியாகத் தூங்கினேன். பி.காம். படித்தவனுக்கு அவ்வளவுதான் உலகம் தெரியும். நாலாவது நாள் பேச்சியம்மாள் இரண்டாவது நோட்டீஸோடு வந்தார். படிக்கட்டு எந்த நிமிஷமும் இடிந்து விழக்கூடிய அபாயக் கட்டிடம். ஏழு நாளில் முழுவதும் இடித்து அகற்றப்படும்.

புரிந்தது. படியே இல்லாமல் போனால், அதில் வழிந்ததைக் குடித்ததும் இல்லாமல் போகும். ஆயிரம் வருஷம் நின்ற சின்னத்துக்கு ஒரே மாதத்தில் நடுக்கம் வந்துவிட்டது. அன்றைக்கு வந்த கோபம் எனக்கு அதற்கு முன்னால் வந்ததில்லை. அவர்கள் மேல் பாதி, என் மேல் பாதி.

கடைசி புரூஃப் பார்க்கும் வேலை அப்போதும் என்னிடம்தான் இருந்தது. ராமசேஷன் பார்த்து அனுப்பிய பக்கத்தில் ஒரு விளம்பரத்தை எடுத்துவிட்டு என் திருத்தத்தை வைத்துவிடலாம். வேலை போகும், போகட்டும் என்று முடிவு செய்தேன். பேச்சியம்மாளிடம் இதைச் சொன்னபோது, என்னைப் பற்றி எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

"அண்ணாச்சி, அவுகளுக்கு எதுல பயம்?"

"அந்தத் தீர்த்த விஷயம் வெளியே தெரிஞ்சிடுமோன்னு."

"நீங்க பேப்பர்ல போட்டுட்டா?"

"எல்லாருக்கும் தெரிஞ்சுடும்."

"தெரிஞ்சு போச்சுன்னா பொறவு அவுகளுக்கு என்ன பயம் இருக்கு? மானம் போனவன் என் வீட்ட விட்டு வைப்பானா? கோவத்துல நாளைக்கே இடிப்பான். நீங்க ஒண்ணும் எழுதாண்டாம். எழுதுனா எங்க வீடு போயிரும்."

பத்திரிகைத் தர்மத்தைப் பற்றி ஒரு பேச்சு என் தொண்டை வரை வந்தது. விழுங்கிவிட்டு, அவர் கேட்டபடி குழு அடுத்து எங்கே, எப்போது கூடுகிறது என்று மட்டும் சொன்னேன்.

8. கூட்டம்

ஞாயிற்றுக்கிழமை குழுக் கூட்டம் பத்மநாபன் வீட்டு ஹாலில். படிக்கட்டை இடிப்பது தவிர்க்க முடியாதது என்று தீர்மானம் போட்டு, ஆழ்ந்த வருத்தத்தைப் பதிவு செய்ய இருந்தார்கள். குறிப்பெடுக்க நான். காபி வந்துகொண்டிருந்தபோது பேச்சியம்மாள் வந்து வாசல் நிலையருகே நின்றார். நல்ல புடவை கட்டி, தலையில் பூ வைத்திருந்தார்.

"யாரும்மா? என்ன வேணும்?" என்றார் பத்மநாபன்.

"நான் படிக்கடியில இருக்கிறவ. நீங்க அன்னைக்குப் பால் ஊத்தும்போது வாசல்ல நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். பதினோரு பேரு குடிச்சிய. இந்த அண்ணாச்சியோட பன்னெண்டு. இந்த அம்மா சொம்புல பிடிச்சாவ. இந்தக் கண்ணாடி போட்ட ஐயா ரெண்டு தடவ வாங்கிக் குடிச்சாரு. மொகமெல்லாம் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

விஷயம் தெரிந்தவர் பத்மநாபன் ஒருவர்தான். மற்றவர்கள் இந்த அம்மாள் ஏன் கணக்கெடுக்கிறாள் என்று விழித்தார்கள்.

"அதுக்கு இப்போ என்ன?" என்றார் சொம்பு மாமி.

"ஒண்ணுமில்லம்மா. அது என்ன படி, அதுல என்ன ஓடிச்சுன்னு எனக்குத் தெரியும். தலைவருக்கும் தெரியும். படி நிக்கிற வரைக்கும் நான் வாயத் தொறக்க மாட்டேன். எங்கய்யா மேல சத்தியம். படிய இடிச்சா எனக்கு வேற சோலி கெடையாது. தெனமும் காலைல மாட்டுங்கா மார்க்கெட்டு வாசல்ல வந்து உக்காந்து, யார் யார் என்னத்தக் குடிச்சாவன்னு அடையாளத்தோட சொல்லிக்கிட்டிருப்பேன். வாரேன்."

இறங்கிப் போய்விட்டார். எல்லோரும் பத்மநாபனைப் பார்த்தார்கள்.

"என்ன ஓடித்தாம் அதுல?" என்று கேட்டார் இரண்டு தடவை குடித்தவர்.

பத்மநாபன் காபி டம்ளரை மேஜையில் வைத்தார். "ஐதீகம்" என்றார். "அந்தப் பக்கத்து ஜனங்களோட ஐதீகம். நாம அதை மதிக்கணும். படிக்கட்டை இடிக்கப்படாது."

வருத்தம் பதிவு செய்யும் தீர்மானத்தை அடித்துவிட்டு, மகிழ்ச்சி பதிவு செய்யும் தீர்மானத்தை எழுதினேன். மூன்றாம் நாள் பேச்சியம்மாளுக்கு மூன்றாவது காகிதம் போனது: பரிசோதித்ததில் கட்டிடம் மிக உறுதியாக இருப்பது தெரிகிறது, அடியில் குடியிருப்பவர்கள் தொடர்ந்து இருப்பதில் ஆட்சேபணை இல்லை. ஒரே மாதத்தில் ஒரே படிக்கட்டு புராதனமாகி, ஆபத்தாகி, பலமாகிவிட்டது. கல் ஒரு அங்குலம் அசையவில்லை.

அதன் பிறகு குழு தாராவிப் பக்கம் வரவில்லை. கம்பி கேட்டுக்காகச் செய்த பெயர்ப் பலகையை மட்டும் அனுப்பி வைத்தார்கள்: 'பழந்தமிழர் படிகள். அசுத்தம் செய்யாதீர்.' பேச்சியம்மாள் அதை வாசலில் சாய்த்து வைத்து, அதன் மேல் வார் வெட்டினார். பலகை நல்ல தேக்கு, கத்திக்கு வாகாக இருக்கிறது என்றார்.

9. ஒரு பெயர்

எண்பதுகள் முடிவதற்குள் செல்விக்கு ஒரு கம்பெனியில் வேலை கிடைத்து, மான்குர்தில் ஓர் அறை எடுத்துத் தாயும் மகளும் போய்விட்டார்கள். போகும் முன் பேச்சியம்மாள் ஆபீஸுக்கு வந்தார்.

"அண்ணாச்சி, இனி நீங்க எழுதிக்கிடுங்க. எனக்கு அந்த எடம் வேண்டாம். ஒரே ஒரு காரியம். ராசா பேரெல்லாம் போட்டியள்லா? எங்கய்யா பேரையும் போடுங்க. அவரு அந்தப் படியில இருவத்தஞ்சு வருசம் ஏறி எறங்குனாரு. ஒரு பேப்பர்லயும் அவரு பேரு வந்ததில்ல. ரேஷன் கார்டுலயும் தப்பாத்தான் எழுதியிருந்தான்."

அன்றைக்கே எழுதி ராமசேஷனிடம் கொடுத்தேன். "குடிச்சவா இன்னும் உயிரோட இருக்கா ஓய்" என்று மேஜை இழுப்பறையில் வைத்தார். பிறகு ராமசேஷன் போனார், பத்திரிகையும் போனது. இழுப்பறையைப் பழைய சாமான்காரன் எடுத்துப் போனான். நான் இன்னொரு பத்திரிகைக்குப் போய், நூற்றுக்கணக்கான கட்டிடங்களைப் பற்றி எழுதி ஓய்வு பெற்றேன். அவற்றில் பலவற்றுக்கு நான் சொன்ன கதைதான் இப்போது கதை. அதைத் திருத்த என்னால் முடியாது, யார் கேட்டாலும் முடியாது.

இந்தத் தொழிலுக்கு வரும் இளைஞர்களுக்கு என்னிடம் இருப்பது ஒரே புத்திமதி. ஒரு கட்டிடத்தின் முன்னால் நின்றால், யார் கட்டினார் என்று எல்லோரும்தான் கேட்பார்கள். அதில் வேலை பார்த்தது யார் என்று நீங்கள் கேளுங்கள். பதில் சொல்லக்கூடியவர் பெரும்பாலும் பக்கத்திலேயே இருப்பார், நாம்தான் அவரைப் போட்டோவை விட்டு விலகி நிற்கச் சொல்லியிருப்போம்.

பேச்சியம்மாள் கேட்டதைச் செய்ய எனக்கு இத்தனை வருஷமாகிவிட்டது. இதைப் படிக்க அவர் இருக்கிறாரோ இல்லையோ தெரியாது. தாராவியில் அந்தப் படிக்கட்டில் பச்சைத் தோல் சுமந்து இருபத்தைந்து வருஷம் ஏறி இறங்கியவர் பெயர் சுடலைமுத்து. ஊர் நாங்குநேரிப் பக்கம்.